மூன்றாவது மாடி வீடியோ

மூன்றாவது மாடி அக்கா இன்றைக்கும் ஜன்னலைத் திறந்து செல்போனைத் தூக்கிப் பிடித்துவிட்டாள்.

கீழே, கார் நிறுத்தும் இடத்தில் சைக்கிளோடு விழுந்து கிடந்த இவளுக்கு முழங்கை எரிந்ததைவிட வயிறுதான் அதிகம் எரிந்தது.

“பாருங்க, மறுபடியும் படம் பிடிக்கிறாங்க. நம்மாளுங்க வாட்ஸ்அப் குரூப்ல என் மானம் கப்பலேறப் போகுது.”

“அது ஏறினா ஏறட்டும். நீ முதல்ல சைக்கிள்ல ஏறு” என்றான் கணவன்.

அவன் கவலை அவனுக்கு. வந்த தேசத்தில் இவளுக்கு ஒரு வேலை கிடைக்கப் போவதே பெரிய விஷயம். முடியாத பெரியவர்களை வீடு தேடிப் போய்க் குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுத்துவிட்டு வரவேண்டும். சந்துக்குச் சந்து பஸ்ஸா வரும்? அந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் சைக்கிள்தான். வெள்ளிக்கிழமை தன்னோடு ஓட்டிக் காட்டினால் வேலை, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சூப்பர்வைசர் அம்மா சிரித்த முகத்தோடுதான் சொல்லியிருந்தாள்.

ஊரில் அண்ணனுக்குப் பின்னால் கேரியரில் உட்கார்ந்து போனதோடு சரி, இவள் சைக்கிளைத் தொட்டதில்லை. இங்கேயோ திரும்பும்போது கையை வேறு நீட்டிக் காட்ட வேண்டுமாம். இவள் கையை எடுத்த அடுத்த நொடி சைக்கிள் தரைக்கு வந்தது.

அந்த அக்காவும் நம் பாஷைக்காரிதான். ஆனால் ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கப் போனாலும் காரில் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் போவாள். எதிரே வந்தால் அளந்து ஒரு சிரிப்பு. அவளுக்கென்ன, மேலே நின்று வேடிக்கை பார்ப்பாள், படமும் பிடிப்பாள். அந்த ஆத்திரத்திலேயே இவள் விழுந்த ஒவ்வொரு தடவையும் எழுந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அது வந்தேவிட்டது. கையை நீட்டினாள், திரும்பினாள், விழவில்லை. நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை திரும்பினாள். அப்போதும் விழவில்லை. அப்புறம் இவளை யாராலும் இறக்க முடியவில்லை. சாப்பிடக் கூப்பிட்ட கணவனுக்கும் கையை நீட்டிக் காட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சூப்பர்வைசர் அம்மா முன்னால் போக, இவள் பின்னால். பாலம், சிக்னல், கடைத்தெரு, லாரி எல்லாம் வந்து போயின. மூன்று பெரியவர்களின் வீட்டைப் பார்த்து முடித்ததும், திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடு என்றாள் அந்த அம்மா.

திரும்பும்போது இவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆளே இல்லாத தெருவில் பெல் அடித்துக்கொண்டு வந்தாள்.

மாடிப்படியில் எதிரே அக்கா. இருந்த சந்தோஷத்தில் இவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“என்னக்கா, நான் விழுந்ததெல்லாம் குரூப்ல போட்டாச்சா? இன்னைக்கு ரோட்டுல ஓட்டிட்டு வந்தேன், அதையும் எடுத்துப் போட்டிருக்கலாமே.”

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. படியின் மேலும் கீழும் பார்த்தாள். இவள் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“சத்தியமா யாருக்கும் காட்டல. காட்டினா எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிடுமே.”

“என்ன தெரிஞ்சிடும்?”

அக்கா முழுக்கைச் சட்டையை மேலே சுருட்டினாள். முழங்கை நெடுக சிராய்ப்பு. பேண்ட்டைத் தூக்கினாள். இரண்டு முட்டியிலும் பிளாஸ்திரி.

இவளுக்குத் திக்கென்றது. இவ்வளவு நாள் மனதுக்குள் திட்டித் தீர்த்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

“அக்கா... அவர் அடிக்கிறாரா?”

“சீச்சீ, அதெல்லாம் இல்ல. ஒரு பால் பாக்கெட்டுக்குக்கூட அவர் கார் வர்ற வரைக்கும் காத்துக்கிடக்கணும், அது ஒண்ணுதான். அதான் அவர் ஆபீஸ் போனதும் பின்பக்கச் சந்துல பழகுறேன், உன் வீடியோவைப் பாத்துப் பாத்து. ஓட்ட வந்துடுச்சு, இறங்கத்தான் தெரியல. நாளைக்கு ஒரு தடவ, என் ஜன்னலுக்கு நேரா வந்து மெதுவா இறங்கிக் காட்டுறியா?”