கள் ஊற்றிப் பிசைந்த பன்

"கள்ளு நாத்தம் கோயில் வரைக்கும் வருது! இது சாமியார் குசினியா, கள்ளுக்கடையா?"

கேட்டுக்கொண்டே வந்த மாதா கோயில் உபதேசியார் சவரிமுத்து பன் கூடைமேல் கிடந்த துணியை உருவினார். அடுக்கி வைத்த பன்களில் ஒரு மூலை காலியாகக் கிடந்தது. குசினியில் சமைக்கும் விண்ணரசியின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் அவருக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

சும்மாவா? உலகச் சண்டைக் காலம். ரேஷனில் வந்த கோதுமை மாவைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, திருவிழாவுக்காக அரியலூர் டேசனில் இறங்கி மாட்டுவண்டியில் வந்திருக்கும் வெள்ளைக்காரச் சாமியார்களுக்கென்று செய்த பன். நேற்றே கள் ஊற்றிப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி, மாவு பொங்கி எழுந்ததும் உருட்டி, விடியக்காலையில் செங்கல் அடுப்பில் சுட்டெடுத்திருந்தாள்.

"உப்பு இருக்கான்னுகூட வாயில வச்சுப் பாக்கலைங்க. நன்மை வாங்கப் போறவ நான். பச்சத் தண்ணி பல்லுல படல."

நடுச்சாமத்துக்கு மேல் எதுவும் வாயில் பட்டால் அன்றைக்குப் பூசையில் நன்மை, அதாவது சாமியார் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பம், வாங்கக் கூடாது. மீறி வாங்கினால் தேவதுரோகம், நேரே நரகம்தான். அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

"திருடித் தின்ன வாய்க்கு நன்மை வேற கேக்குதா?"

தாலியறுத்து வந்த இவளுக்குக் குசினி வேலையும் தன் வீடு இருந்த கோயில் வளவுக்குள்ளேயே ஒரு வீடும் கொடுத்தது முதல் சவரிமுத்துக்கு வயிற்றெரிச்சல். அந்த வேலையில் தன் தங்கச்சியை வைக்க வேண்டும் என்று அவர் கனாக் கண்டுகொண்டிருந்தார். அதற்காகவே இன்று இருட்டோடு தன் பெண்சாதி மரிய புஷ்பத்தை 'கூடமாட ஒத்தாசைக்கு' என்ற பெயரில் வேவு பார்க்க அனுப்பியிருந்தார்.

"ஏ புஷ்பம், நீ இங்கனதானே நின்ன? இவதானே எடுத்தா?"

புஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கள் வாடை அவளுக்கு ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அடிப்பாவி! அக்கா, மாதா மேல ஆணையா வாயத் தொறந்து சொல்லுங்க!" என்று விண்ணரசி கத்தினாள். புஷ்பம் விறுவிறுவென்று கோயில் பக்கம் நடந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு அந்த ஊர்ப் பங்குச்சாமியார் வந்தார். சவரிமுத்து முந்திக்கொண்டார்.

"சாமி, திருடித் தின்னவ குடும்பத்தோட இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள வளவ விட்டுக் காலி பண்ணணும். நீங்க சொல்லுங்க."

"தின்னதுக்கு அத்தாட்சி?"

"நேத்துதானே ஊரே ஒங்ககிட்டப் பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிச்சு? வாய நனைச்சவளத் தவிர எல்லாரும் நன்மைக்கு வந்துருவாங்க. நன்மை குடுக்கையில ஒங்க பக்கத்துல தட்டுப் பிடிக்கறவன் நான். எவ வரலன்னு பாத்துச் சொல்லிடறேன்."

சாமியார் கொஞ்சம் யோசித்தார். "யாரா இருந்தாலும் காலி பண்ணணும். சம்மதமா?"

"யாரா இருந்தாலும்!"

"எனக்கும் சம்மதம் சாமி," என்றாள் விண்ணரசி. அவள் குரல் நடுங்கியதைக் கேட்டு சவரிமுத்து மீசையைத் தடவிக்கொண்டார்.

பூசையில் நன்மை கொடுக்கும் நேரம் வந்தது. பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதியில் முழந்தாளிட்டவர்களின் தாடைக்குக் கீழே ஒவ்வொன்றாகத் தட்டைப் பிடித்துக்கொண்டே சவரிமுத்து நகர்ந்தார். விண்ணரசி வரமாட்டாள். தங்கச்சிக்கு நாளைக்கே ஆள் அனுப்பிவிட வேண்டியதுதான்.

அடுத்த முகத்துக்குக் கீழே தட்டை நீட்டினார். விண்ணரசி! அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்து நன்மை வாங்கிக்கொண்டாள்.

சண்டாளி, நரகத்துக்குக்கூடப் பயப்படலையே என்று அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

கடைசி ஆளும் வாங்கியாயிற்று. சாமியார் பீடத்துக்குத் திரும்பாமல் பெண்கள் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். என்னவென்று சவரிமுத்தும் திரும்பிப் பார்த்தார்.

பாயில் ஒருத்தி மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். தலை குனிந்திருந்தது. முந்தானை இன்னும் வாயை மூடியே இருந்தது. பொய்க்குத் தலையாட்டத் துணிந்த மரிய புஷ்பத்துக்கு, தின்ற வாயால் நன்மை வாங்கத் துணிவு வரவில்லை.

பூசை முடிந்து அவர் வெளியே வந்தபோது, வாசலில் விண்ணரசி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"உபதேசியாரே, மூட்டை கட்டக் கூடமாட ஒத்தாசைக்கு வரட்டுங்களா?"