சுண்ணாம்புக்குள் ஒரு மூக்கு

அமைச்சரின் ஊர்வலம் வரப்போகும் சாலையில், பள்ளிக்கூடச் சுவரில் அதே அமைச்சர் பன்றி மூக்கோடு எச்சில் ஒழுக இளிக்கிறார். யாரோ தாரால் தீட்டிய படம். காலையில் ஒரு முறை வெள்ளையடித்தாயிற்று. இப்போது பெயின்டரக்கா ஏணியில் நின்று இரண்டாவது முறை சுண்ணாம்பு மட்டையை இழுக்கிறாள். சளப், சளப் என்று சுண்ணாம்பு தெறிக்கிறது. கீழே மேஸ்திரி நகத்தைக் கடிக்கிறான்.

"என்னக்கா, காது இன்னும் தெரியுதே?"

"ஈரத்துல எல்லாந்தான் தெரியும். காயட்டும் மேஸ்திரி."

காய்கிறது. சுவர் முட்டை ஓடுபோல வெளுக்க, மேஸ்திரிக்குப் போன உயிர் திரும்புகிறது. தார் மேல் முதலில் அலுமினிய பெயின்ட் பூசாவிட்டால், வெயிலில் கறை மேலே ஏறிவிடும் என்பது அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். போன வருடம் இதே அமைச்சருக்காக இதே சாலையை அடைத்தபோது, நின்றுபோன ஆம்புலன்ஸுக்குள் அவள் பிடித்திருந்த கணவனின் கை மெல்லச் சில்லிட்டது.

சைரன் நெருங்குகிறது. வெள்ளைச் சுவரில் மூக்குத் துளைகள் இரண்டும் பழுப்பாகக் கசிகின்றன. பிறகு நாக்கு. பிறகு அந்த இளிப்பு. மேஸ்திரி பேயறைந்தவன்போல நிற்கிறான்.

"ஐயோ, இன்னொரு தடவை அடிங்கக்கா."

அவள் காலி வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் சாவகாசமாக உட்கார்கிறாள்.

"அடிச்சிடலாம். சுண்ணாம்பு வண்டி அந்தப் பக்கம் நிக்குது. ரோட்டைத்தான் அடைச்சுட்டாங்களே, எப்படி வரும்?"