பல் காய்கிற நேரம்

எனெய்தா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, அவளுடைய புருஷன் வில்ஃப்ரிதோ மல்லாந்து கிடந்தான்.

அவன் முகத்துக்கு வெகு அருகில் ஓர் இளம்பெண் குனிந்திருந்தாள்.

நினைத்தது சரியாகப் போயிற்றே என்று எனெய்தா இரண்டெட்டு முன்னால் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணின் கையுறையும் முகமூடியும் கண்ணில் பட்டன. வில்ஃப்ரிதோ கிடந்தது பல் டாக்டரின் நாற்காலியில். உதடுகளை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையம் ஒன்றை மாட்டியிருந்ததில் அவன் வாய் 'ஈ' என்று திறந்தபடி இருந்தது.

அதனால் கோபம் தணிந்ததா என்றால், இல்லை. கூடத்தான் செய்தது. ஐம்பத்தெட்டு வயதில் ஓர் ஆம்பிளை வீட்டுக்குத் தெரியாமல் வந்து பல்லை அழகு பண்ணிக்கொள்கிறான் என்றால், அது யாருக்காக?

"வெள்ளைப் பல்லு இருந்தாத்தான் மகாராணி திரும்பிப் பார்ப்பாளாக்கும்? யாருய்யா அவ?"

வில்ஃப்ரிதோ "ஆ... ஆ..." என்றான். அந்த வாயை வைத்துக்கொண்டு வேறென்ன சொல்ல முடியும்?

"அம்மா, கொஞ்சம் பொறுங்க. பல்லைக் காய வச்சிருக்கேன். எச்சில் பட்டா பூச்சு ஒட்டாது," என்றாள் டாக்டர் லிசெத்.

பொறுக்கிற ஆளா அவள்? சபனலார்கா ஊர்ச் சந்தை முனையில் எண்ணெய்ச் சட்டி வைத்து, மரவள்ளி மாவுக்குள் கறியைத் திணித்துக் கரிமான்யோலா பொரித்து விற்கிறவள். பாதிப் பேர் அவள் பேச்சைக் கேட்கத்தான் வாங்கவே வருவார்கள். கார்னிவல் திருவிழா வந்துவிட்டால், ஊர்ப் பெரிய மனிதர்களைத் தெருத்தெருவாக ராகம் போட்டுக் கிண்டலடிக்கும் கோஷ்டிக்குப் பாட்டுக் கட்டித் தருவதும் அவள்தான். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

கட்டிய புருஷன் மட்டும் சிரித்ததே இல்லை.

சாப்பாட்டு மேஜையில் அவள் ஒரு கதையை எடுத்தால் போதும், பாதியிலேயே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவான். அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனசு விட்டுப்போயிருந்தது. என்னைக் கட்டிக்கொண்டதே இந்த மனுஷனுக்குப் பிடிக்கவில்லை என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்டவன் இப்போது செவ்வாய்க்கிழமை தவறாமல் சட்டையை இஸ்திரி போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு பர்ரான்கியா பட்டணத்துக்குப் பஸ் ஏறுகிறான். இன்றைக்கு அவளும் அடுப்பை அணைத்துவிட்டு அதே பஸ்ஸில் பின்படி வழியாக ஏறிவிட்டாள்.

"பல்லை வெளுத்துட்டா ஆச்சா? தொந்திக்கு எந்த டாக்டரைப் பார்த்து வச்சிருக்கே? நீ விடுற குறட்டையில அடைகாக்கிற கோழியே முட்டையை விட்டுட்டு ஓடுதே, அதை அவகிட்டச் சொன்னியா? முதுகுக்கு ஒரு தைலம், முழங்காலுக்கு ஒரு தைலம், தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும். பாவம்யா, ஆம்பிளை கிடைச்சான்னு வர்றவ நர்ஸ் வேலைதான் பார்க்கப் போறா!"

வில்ஃப்ரிதோவின் தோள்கள் குலுங்கின. பிறகு வயிறு குலுங்கியது. கடைக்கண்ணில் புறப்பட்ட கண்ணீர் இரண்டு காதுகளுக்குள்ளும் இறங்கியது.

எனெய்தா இன்னும் கிட்டே போனாள். "அழு. நல்லா அழு. நான் அழுததுக்கு நீயும் கொஞ்சம் அழு."

டாக்டர் லிசெத் கையிலிருந்த விளக்கை டங்கென்று தட்டில் வைத்தாள்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நிறுத்துங்க! மறுபடியும் நனைஞ்சு போச்சு. அவர் எங்கே அழறாரு? சிரிக்கிறாரு!"

எனெய்தா புரியாமல் பார்த்தாள்.

"ஒரே நாள்ல முடிஞ்சிருக்க வேண்டிய வேலைம்மா இது. வந்து உட்கார்ந்ததும், 'நேத்து எம் பொண்டாட்டி என்ன சொன்னா தெரியுமா டாக்டர்'னு ஆரம்பிச்சிருவாரு. நான் பல்லைக் காய வச்சு விளக்கை எடுப்பேன், அந்நேரம் பார்த்து அதே ஞாபகம் வந்து சிரிச்சிருவாரு. அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பி வச்சிட்டு, நானும் தனியா உட்கார்ந்து சிரிப்பேன்."

வில்ஃப்ரிதோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதுமடல் சிவந்துவிட்டது.

"பளீர்னு வெளுக்கலாம், மேலே மெல்லிசா ஓடு ஒட்டலாம், எல்லாம் சொன்னேன். அதெல்லாம் வேண்டாம், உடைஞ்சு கறுத்த அந்த முன்பல்லு ரெண்டையும் மட்டும் சரி பண்ணுங்கன்னுட்டாரு. இத்தனை வருஷமா கொல்லையில போய்ச் சுவரைப் பார்த்து நின்னு சிரிக்கிறாராம். 'வீட்டுக்குள்ளயே உட்கார்ந்து சிரிக்கணும் டாக்டர்'னாரு."

கல்யாணத்துக்கு முன்பே கழுதை உதைத்து உடைந்த பற்கள் அவை. எனெய்தாவுக்கு அது மறந்தே போயிருந்தது.

அவள் மெல்ல முக்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்ப ஒரே ஒரு நிமிஷம், வாயைத் திறக்காதீங்க," என்றாள் டாக்டர். அவனிடம் அல்ல, அவளிடம்.

எனெய்தா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் பஞ்சு வைத்துத் துடைத்தாள். காற்று ஊதினாள். பூச்சு தடவியதும் நீல வெளிச்சம் பல்லின்மேல் விழுந்தது. பிறகு வளையத்தைக் கழற்றினாள்.

டாக்டர் கண்ணாடியை நீட்டினாள். வில்ஃப்ரிதோ அதை வாங்கவில்லை. முகத்தைத் திருப்பி மனைவியைப் பார்த்தான்.

"இப்பச் சொல்லுடி," என்றான்.

ஊரையே சிரிக்கவைக்கிறவளுக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. உதடு துடித்தது, மூக்கு சிவந்தது, இத்தனை நாள் பேசிய பேச்செல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

அவள் அப்படித் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து வில்ஃப்ரிதோ சிரித்தான். வாய்விட்டு, அவள் முகத்துக்கு நேராக.