குணரத்தினம் ஒழுங்கை

பிரதேச சபை மண்டபத்தில் மின்விசிறி கரகரவென்று சுற்றுகிறது. யன்னலால் விழும் வெயில் தவிசாளரின் மேசைக் கண்ணாடியில் பட்டு முகட்டில் நடுங்குகிறது. வெளியே குறிகட்டுவான் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறது. நான் பார்வையாளர் கதிரையில் இருக்கிறேன். எங்கள் மணல் ஒழுங்கைக்குக் கிரவல் கல் போட்டால் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வீட்டுப் படலைகள் வரை வரும். இப்போது மணலில் புதையுமென்று சந்தியோடு நின்றுவிடுகிறது. கிரவல் கேட்டுக் கேட்டு இந்தப் படிகளில் ஏறி இறங்கியவர் என் கணவர் குணரத்தினம். போன மாசியில் அவர் இறந்துபோனார். “கிரவலுக்கு இந்த வருஷம் காசில்லை,” என்கிறார் தவிசாளர். “ஆனால் அந்த ஒழுங்கைக்குக் குணரத்தினம் அண்ணையின்ரை பேரை வைப்பம்.” “போகேலாத றோட்டுக்குப் பேரோ?” என்று மூலையில் இருக்கும் உறுப்பினர் கேட்க, சிரிப்பு எழும்புகிறது. பேர் வைக்கச் சம்மதமென்று சிரித்தவர்களும் கை உயர்த்துகிறார்கள். நான் பொறுக்காமல், “தம்பி, அவர் கேட்டது கிரவலெல்லோ,” என்கிறேன். “அக்கா, பார்வையாளர் கதைக்க ஏலாது,” என்று தவிசாளர் தணிந்த குரலில் சொல்கிறார். அவர் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பிறகு என் கணவருக்காக இரண்டு நிமிட மௌனம் என்கிறார். கதிரைகள் சீமெந்தில் கிறீச்சிடுகின்றன. தேத்தண்ணித் தட்டோடு வந்த பெண் வாசலிலேயே நின்றுவிடுகிறாள். எல்லோரும் தலை குனிந்து நிற்கிறார்கள். நான் மட்டும் எழும்பாமல் கதிரையிலேயே இருக்கிறேன். இப்படியே இருந்தால் அவரை மதிக்காதவளாகிவிடுவேன். நானும் எழும்பி நிற்கிறேன்.