மூன்றாவது புகார்

"குழிய மூடிருவோம் அத்தை. இன்னைக்கே மூடிருவோம்."

கொல்லைப்புறத்தில் உரக்குழியைக் கிளறிக்கொண்டிருந்த பாண்டீஸ்வரி, மண்வெட்டியை நிறுத்தி மருமகளைப் பார்த்தாள். கல்யாணமாகி விளாங்குடிக்கு வந்த இத்தனை மாதங்களில் தமிழ்வாணி இவ்வளவு கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. குப்பைக்குழி நாறுகிறது என்று யாரோ மாநகராட்சிக்கு மறுபடி போன் செய்திருந்தார்கள். இது மூன்றாவது புகார். இந்தத் தடவை காலையில் சுகாதார ஆய்வாளரே நேரில் வந்தார். குழியின் மூடியைத் தூக்கி, ஒரு கை உரத்தை அள்ளி முகர்ந்தார். காய்கறித் தோலும் வேப்பஞ்சருகும் மக்கி, மழையில் நனைந்த மண்ணாக மணத்தது. நாற்றம் ஒன்றுமில்லை என்றார். விதிப்படி பக்கத்து வீட்டிலும் விசாரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். பிறகு தெரசா டீச்சர் வீட்டுக்குள் போனவர் வெளியே வர வெகுநேரமாயிற்று.

"டீச்சர்தான் அத்தை போன் பண்றாக. அந்த ஆளு கிளம்புறப்ப வண்டியில தூக்குச்சட்டி தொங்குச்சு. மீன் குழம்பு வாசம் நம்ம மாடி வரைக்கும் வருது. தெனம் அவுக வீட்டுக் குப்பையும் நம்ம குழியிலதான் விழுகுது. எம்புட்டு நெஞ்சழுத்தம் இருந்தா இப்படிச் செய்வாக?"

இனிமேல் வீட்டுக் குப்பையை மாநகராட்சி வண்டியிலேயே போட்டுவிடலாம் என்றாள். டீச்சரிடம் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு வரப்போவதாகவும் சொன்னாள்.

பாண்டீஸ்வரி கையைக் கழுவிக்கொண்டு துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் இல்லாத காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

அப்போது இந்தத் தெருவில் இருந்ததே நாலு வீடுதான். குப்பை வண்டியும் வராது, தொட்டியும் கிடையாது. டீச்சர் வீட்டுக்காரரும் பாண்டீஸ்வரியின் புருஷனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து வெட்டிய குழி இது. குழிக்குச் சருகு வேண்டும் என்று, டீச்சர் தான் வேலை பார்த்த பசுமலைப் பள்ளிக்கூடத்தின் வேப்பிலைச் சருகைச் சாக்கில் அள்ளி டவுன் பஸ்ஸில் கொண்டுவருவார். சாக்குக்கும் டிக்கெட் போடுவேன் என்பார் கண்டக்டர். சருகுக்கு எதற்கு டிக்கெட் என்று டீச்சர் மல்லுக்கு நிற்பார். பொங்கல் முடிந்தால் இரண்டு வீட்டுக் கரும்புச் சக்கையும், கிறிஸ்துமஸ் முடிந்தால் இரண்டு வீட்டு வாழையிலையும் இந்தக் குழிக்குள்தான் போகும். அந்த உரத்தில் காய்த்த முருங்கைக்காய், தெருவுக்கே குழம்பானது. அவ்வளவையும் சொல்லி முடித்தபோது பாண்டீஸ்வரியின் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது.

தமிழ்வாணி இளகவில்லை.

"அதெல்லாம் அப்ப அத்தை. மனுசங்க மாறிருவாங்க. நான் போய்க் கேட்டுட்டு வாரேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பாண்டீஸ்வரி எழுந்து ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். பக்கத்து வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது தாயி. மூணு தடவையும் போன் பண்ணது நான்தான்."

"நீங்களா? எதுக்கு அத்தை?" என்றாள் தமிழ்வாணி.

"அந்த ஆய்வாளரு டீச்சர் மகன்தான். கல்யாண விசயத்துல அவுககிட்ட சண்டை போட்டுட்டு, இனி வாசப்படி மிதிக்க மாட்டேன்னு போன பய. நம்ம வார்டுக்கே ஆய்வாளரா மாத்தலாகி வந்தும், பெத்தவள எட்டிப் பாக்கல. புகாருன்னு ஒண்ணு போனாத்தான அந்த வீட்டுக்குள்ள போவான்?"