கதவை அடைக்காதே

"காணாமப் போனது யாரு, ஷப்னாவா?"

"இல்லக்கா. எளையவ. முப்ஷிரா."

கேட்டது பக்கத்து வீட்டு லீலாபாய். ஹமீதா பீவி குடும்பம் கோட்டாற்றில் இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஐந்து மாதம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"ஒனக்கு ஒரே மகள்னுல்லா செல்லியிருந்த?"

ஹமீதா தலை குனிந்தாள். "பதினோரு வயசுக்கா. ஆனா மூணு வயசுப் பிள்ளைக்க புத்திதான். ஷப்னாவுக்கு வந்த ரெண்டு சம்பந்தமும் இவளப் பாத்துட்டுதான் வேண்டாம்னு போச்சு. அதான் இந்த வீட்டுக்கு வந்த பெறகு வெளிய காட்டல்ல."

"அஞ்சு மாசமா ஒரு சத்தங்கூட கேக்கலியே!"

"நல்ல பிள்ளைக்கா. சத்தமே போடமாட்டா."

"அது சரி. எப்பிடிப் போனா?"

"ஷப்னா தையல் படிக்கப் போயிருக்கா. நான் தாப்பாள் போடாம மாடிக்குத் துணி எடுக்கப் போயிட்டேன். கேஸ்காரன் வந்து சிலிண்டர உள்ள உருட்டி வச்சிட்டுப் போயிருக்கான். எறங்கி வந்தா கதவு தொறந்து கெடக்கு. பிள்ளயக் காணல."

லீலாபாய் திட்ட வாயெடுத்தாள். பிறகு அதை விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி ஆள் கூப்பிட்டாள். கால்மணி நேரத்தில் வீடு நிறைந்தது.

"போட்டா இருக்கா?" என்று கேட்டான் எபிசன். மூன்றாம் வீட்டுக்காரன், ஆட்டோ ஓட்டுபவன்.

ஹமீதா போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஷப்னா பச்சைச் சுடிதாரில், ஷப்னா மருதாணிக் கையோடு, ஷப்னா தனியாக. முப்ஷிரா ஒன்றில்கூட இல்லை.

"சரி, பேரச் சொல்லி விளிப்போம்."

முன்னறையில், ஷப்னாவின் கல்யாணத்துக்கென்று வாங்கி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சுவரில் சாய்த்திருந்த மெத்தையின் பக்கத்தில் நின்று ஆளாளுக்குக் கத்தினார்கள். "முப்ஷிரா! முப்ஷிரா!"

கட்டிலுக்கடியில் பார்த்தார்கள். கிணற்றில் பார்த்தார்கள்.

"குளத்துப் பக்கம் போயிருப்பாளோ?" என்றார் ஒரு பெரியவர். ஆண்கள் ஓடினார்கள். ஹமீதாவும் கதவைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே ஓடப் பார்த்தாள்.

லீலாபாய் தடுத்தாள். "கதவ அடைக்காத. பிள்ள திரும்பி வந்தா உள்ள கேறணும்லா? நீ இங்கயே இரி. நான் குளத்துக்குப் போறேன்."

இரண்டு மணி நேரம் கதவு திறந்தே கிடந்தது. வந்தவர்கள் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். எல்லாரும் அந்தப் பெயரை ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார்கள். குளத்தில் எபிசனும் இன்னொருவரும் முங்கித் தேடுவதாகச் சேதி வந்தது.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு கடையிலிருந்து ஹமீதாவின் புருஷன் ஷரீஃப் வந்தான். வாசலில் நின்ற பெண்களைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க."

அவர்கள் இறங்கினார்கள். அவன் ஹமீதாவிடம் சீறினான். "ஊரயே கூட்டி வச்சிருக்கியே ஏட்டி! நாளைக்குத் தேங்காப்பட்டணத்துலேந்து பொண்ணு பாக்க வாறாங்க. எவளாவது செல்லிக் குடுத்தா?"

"எனக்க பிள்ளயக் காணல்லங்கேன். ஒங்களுக்குச் சம்பந்தமா பெருசு?"

"மெதுவாப் பேசு. வெளிய கேக்கும்."

"கேக்கட்டும்! கதவத் தொடாதீங்க. அவ திரும்பி வந்தா..."

அவன் கேட்கவில்லை. கதவை அறைந்து சாத்தினான். தாழ்ப்பாள் 'டக்'கென்று விழுந்தது.

முன்னறையில் பிளாஸ்டிக் சரசரத்தது.

மெத்தைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து முப்ஷிரா பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தாள். வேர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. பாவாடை நனைந்திருந்தது. உம்மா சொல்லிக் கொடுத்தபடி, உதட்டில் வைத்த விரலை அவள் இன்னும் எடுக்கவில்லை.

"தாப்பாள் போட்டாச்சு. ஆளுவ போயாச்சா உம்மா?" என்று கிசுகிசுத்தாள். "எல்லாரும் விளிச்சாங்க. நான் சத்தமே போடல்ல. முட்டாய் தா."