ஒரே நாளில் விட்டவர்

"மாத்திரை போட்டு சிகரெட்டை விடப் போறியா? வெட்கமா இல்ல?"

பஸ் டெப்போ பட்டறையில் எல்லார் காதிலும் விழட்டும் என்றுதான் மெக்கானிக் கேட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் சிகரெட்டை விட்ட மகானுபாவர். அதை ஒரு தடவை சொல்லாமல் இன்னும் அவருக்கு டீ இறங்காது. பட்டறையில் அவருக்குப் பேரே 'வைராக்கியம்'தான்.

எலக்ட்ரீஷியன் கையில் டாக்டர் கொடுத்த சீட்டு. காலில் ரத்த ஓட்டம் குறைந்துகொண்டே வருகிறது, இனியும் பிடித்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பன்னெண்டு வாரம் போடணுமாம்ணே. சிலருக்குக் குமட்டுமாம், கண்ட கனவும் வருமாம். அதான் யோசனையா இருக்கு. ஆனா ஆசையை அடக்குமாம். நானா மூணு தடவை விட்டுப் பாத்துட்டேன், முடியல."

"மூணு வேளை கொட்டிக்க முடியுது, இது மட்டும் முடியலையாக்கும்! நான் என்ன மாத்திரையா முழுங்கினேன்? பாக்கெட்டைக் கசக்கிப் போட்டேன், அன்னியோட சரி. மனசு வேணும்டா. அது இல்லாதவன்தான் மருந்துக்கடையைத் தேடுவான்."

நாலு பேர் சிரித்தார்கள். எலக்ட்ரீஷியனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டவன், மருந்துக்கடைப் பக்கமே போகவில்லை.

ஐந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். ஆறாம் நாள் டயர் அடுக்குக்குப் பின்னால், கூட நின்றவன் ஒன்றை நீட்ட, வாங்கிப் பற்றவைத்துவிட்டான்.

வைராக்கியத்துக்கு மூக்கில் வியர்த்திருக்க வேண்டும். சரியாகப் போய் நின்றார்.

"எல்லாரும் வந்து பாருங்கப்பா, ஐயாவோட லட்சணத்தை. காலே போகுதுன்னாலும் இவனுக்கு ரோஷம் வருதா பாரு. ஜென்மமா இது?"

எலக்ட்ரீஷியன் தலையைக் குனிந்துகொண்டான். ஸ்பேனர், சுத்தியல் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர் அக்கா, ஸ்டோர் ஜன்னலை விட்டு எழுந்து வெளியே வந்தாள்.

"போதும் நிறுத்து தம்பி. நீ எப்படி விட்டேன்னு நான் சொல்லவா?"

"சொல்லுங்கக்கா. அப்பவாவது இவனுக்கு உறைக்குதான்னு பாப்போம்."

"நீ விட்ட மறுநாளே உன் பொண்டாட்டி இங்க வந்தா. 'அவர் கண்ணெதிர்ல யாரும் பிடிக்காதீங்க, பாத்தா திரும்பத் தொட்டுடுவாரு'ன்னு ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுக் கெஞ்சினா. மூணு மாசம், இங்க பிடிக்கிற பதினாலு பேரும் காலையில பாக்கெட்டை என்கிட்ட ஒப்படைச்சாங்க. சாயங்காலம் ஸ்பேனரைக் கொடுத்துட்டுத்தான் அதைத் திருப்பி வாங்கிட்டுப் போனாங்க. எதிர்க்கடைக்காரர்கூட உன் தலை தெரிஞ்சா சிகரெட்டை எடுத்து உள்ள வெச்சிடுவாரு. உனக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடுவேன்னு அவ சொன்னதால இத்தனை நாளா யாரும் வாயைத் திறக்கல."

வைராக்கியம் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரும் அதை மறுக்கவில்லை.

அக்கா விடவில்லை.

"நீ விடறதுக்குப் பதினாலு பேர் தேவைப்பட்டாங்க. இவன் கேட்டது ஒரு மாத்திரை. அதையும் பிடுங்கிப் போட்டியே, நீயெல்லாம் வைராக்கியமா?"